ஹட்டன் பக்கம் போல்டரிங்குக்கு நல்ல கல் எங்கே தேடுவது?

கொட்டகலைப் பையன்:
வணக்கம். கத்தாரில் நாலு வருஷம் வேலை செய்தபோது அங்கே ஒரு உள்ளரங்குச் சுவரில் போல்டரிங் பழகினேன். கேள்விப்படாதவர்களுக்கு: கயிறு கியிறு எதுவும் இல்லாமல் மூன்று நான்கு மீட்டர் உயரமான தனிக்கல்லில் ஏறுவது, விழுந்தால் தாங்கக் கீழே ஒரு தடித்த மெத்தை, அவ்வளவுதான். இப்போது இலங்கைக்கே, ஊரோடு வந்துவிட்டேன். பிளாஸ்டிக் பிடிகளைப் பிடித்து அலுத்துப்போன கைக்கு நிஜக் கல் வேண்டும். மலைநாட்டில் பிறந்துவிட்டுக் கல்லுக்கு அலைகிறாயே என்று அம்மா சிரிக்கிறார்.

உயரம் போகப் போகக் கல்லும் நன்றாக இருக்கும் என்று நினைத்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய், கிரிகல்பொத்த (2,388 மீட்டர்) பாதையில் பாதி தூரம் நடந்து பார்த்தேன். கல் இருக்கிறது, ஆனால் எல்லாம் பாசி, கையை வைத்தால் நனைந்த பஞ்சு மாதிரி அமுங்குகிறது. கூகுள் வரைபடத்தில் வெள்ளையாகத் தெரிவதில் பாதி தகரக் கூரை. ஞாயிறு மட்டும்தான் லீவு, மோட்டார் சைக்கிள் இருக்கிறது. நக்கிள்ஸ் பக்கம் போகலாமா, இல்லை சிவனொளிபாத மலைக் காடா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவாக் காற்று:
தம்பி, மேலே ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள். 2,000 மீட்டருக்கு மேல் முகில் வந்து வந்து கல்லை நனைத்துக்கொண்டே இருக்கும். பாசியைச் சுரண்டினாலும் அடியில் ஈரம்தான், சுரண்டவும் கூடாது. நீங்கள் சொன்ன மூன்று இடங்களுமே 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடுகள். ஹோர்ட்டன் சமவெளியில் பாதையை விட்டு விலகவே அனுமதி இல்லை, முதுகில் மெத்தையைக் கட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பார்கள்.

நான் பண்டாரவளை. அப்புத்தளையிலிருந்து எல்ல வரைக்கும், 1,000 முதல் 1,400 மீட்டர் உயரத்தில், புல்வெளிச் சரிவுகளில் கிடக்கும் கற்கள்தான் என் கைக்குப் பிடித்தவை. வெயில் படும், காற்று படும், பாசி குறைவு. ஆகஸ்டில் புல்லுக்குத் தீ பிடித்த சரிவுகளில், அதுவரை மானாப்புல்லுக்குள் ஒளிந்திருந்த கல்லெல்லாம் வெளியே தெரியும். (தீ வைக்கச் சொல்லவில்லை, எவனாவது வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.)

எப்போது போவது என்பதற்கு, தேயிலைத் தொழிற்சாலையில் இருந்த எங்கள் மாமா சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை, ஹட்டனைச் சுற்றிய உங்கள் திம்புளைப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. பருவமழை மலையின் அந்தப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுக் காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிற மாதங்கள் அவை. கொழுந்தையே வாட்டுகிற காற்றுக்குக் கல் காயாதா? இப்போது பெப்ரவரி, உங்கள் ஊருக்கே நேரம் சரி. ஜூனில் மட்டும் ஹட்டனில் கல் தேடாதீர்கள், ரயிலேறி இங்கே வந்துவிடுங்கள்.

கல்லுடைப்பவர் மகன்:
எல்லாரும் கிரானைட், கிரானைட் என்கிறார்கள். நம் மலைநாட்டில் இருப்பது பெரும்பாலும் நைஸ், சார்னொக்கைட் வகைகள், பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. பெயர்தான் நைஸ், விரலுக்கு அப்படியில்லை. இதில் ஃபெல்ட்ஸ்பார் சீக்கிரம் உக்கி மண்ணாகிவிடும், குவார்ட்ஸ் உக்காது. அதனால் பட்டை பட்டையாக இருக்கும் கல்லில் வெள்ளைக் கோடுகள் மட்டும் அரை விரல் அளவு வெளியே நிற்கும். உங்களுக்குத் தேவையான பிடி அதுதான். சில கற்களில் சிவப்பு கார்னெட் மணிகள் துருத்திக்கொண்டிருக்கும், காலுக்கு நல்லது, முழங்காலுக்குக் கெட்டது.

ஆனால் இந்தக் கற்கள் வெங்காயம் மாதிரி உரியும். மேல் ஓடு கழன்றது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அப்பா ஆப்பு அடிக்கும் முன்னே கல்லைச் சுற்றி வந்து சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்பார். கணீர் என்றால் முழுக்கல், டொக்கு என்றால் ஓடு. நீங்கள் மடக்கிய விரல் முட்டியால் தட்டினாலே போதும். டொக்கு என்ற இடத்தில் உடம்பைத் தொங்கவிடாதீர்கள். மைக்கா மினுமினுத்து விரலில் தூளாக ஒட்டுகிற கல்லையும் விட்டுவிடுங்கள். மழை பெய்த மறுநாளும் வேண்டாம், மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஊறியிருக்கும்.

மேல்கணக்கு மகள்:
கொட்டகலைத் தம்பி, கல்லைத் தேடி எங்கெங்கோ போகிறீர்கள், தேயிலை மலைக்குள்ளேயே நிற்கிறதே, கண்ணுக்குத் தெரியவில்லையா? உருட்ட முடியாத கல்லையெல்லாம் அப்படியே விட்டுத்தான் சுற்றிக் கன்று வைத்தார்கள். எங்கள் அம்மாவுக்கு அவர் கொழுந்தெடுத்த மலையில் ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் தெரியும், எந்தக் கல் நிழலில் சாப்பிடலாம், எதில் பாம்பு இருக்கும் என்பது வரைக்கும். வரைபடத்தை மூடிவிட்டு அந்தப் பெண்களிடம் கேளுங்கள். வேலை நாளில் தோட்டத்து ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஞாயிறு போய் நின்றால் வாட்ச்சர்தான் இருப்பார், அவர் கள்ளன் என்றே நினைப்பார்.

குங்குமமோ மஞ்சளோ பூசிய கல், சூலம் நட்ட கல், மாடசாமி முனியாண்டி என்று யாராவது கும்பிடுகிற கல், எவ்வளவு நல்ல கல்லாக இருந்தாலும் தொடக்கூடாது. கேட்டால்தான் தெரியும், எல்லாவற்றுக்கும் குங்குமம் இருக்காது.

அப்புறம் குளவி. இதைச் சும்மா சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், என் சித்தி குளவிக்கொட்டில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின் அடியில் மலைத்தேனீ கூடு கட்டும், நாங்கள் அதையும் குளவி என்றுதான் சொல்வோம். கழுகு வந்து கூட்டைக் கலைத்தால் போதும், கீழே இருக்கிற எல்லாருக்கும் கொட்டுதான். தரையில் இருப்பவர்கள் ஓடலாம், கல்லில் தொங்குகிற நீங்கள் எங்கே ஓடுவீர்கள்? ஏறும் முன்னே குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். 1990 இலவச ஆம்புலன்ஸ் நம்பர், தோட்டத்து ரோட்டில் வந்து சேர நேரமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கவ்வாத்து வெட்டிய மலையில் ஏறவே வேண்டாம். சாய்வாக வெட்டிய தேயிலைக் கட்டை ஈட்டி மாதிரி நிற்கும், உங்கள் மெத்தையைக் குத்திக்கொண்டு வரும். கல்லுக்கு அடியில் மண் புதிதாக அரித்திருந்தாலோ, பக்கத்தில் தரை வெடித்திருந்தாலோ தொடாமல் திரும்பிவிடுங்கள். 2014இல் மீரியபெத்தயில் மண்சரிந்து தொழிலாளர் லய வீடுகளே மண்ணுக்குள் போன நாடு இது.

சோபாக் கடை:
மெத்தை வாங்க வெளிநாடு எழுத வேண்டாம். கெட்டி ஃபோம் மேலே, மெது ஃபோம் கீழே, மொத்தம் நாலு அங்குலம், மேலே லாரித் தார்ப்பாய்த் துணி. மாற்றிப் போட்டால் கணுக்கால் போகும்.

கொட்டகலைப் பையன்:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன். அக்கா சொன்னபடி ஆபீஸில் கேட்டேன், சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். லயத்தில் ஒரு பாட்டி ஆனைக்கல் என்று ஒன்றைக் காட்டினார், கோயிலிலிருந்து நூறு அடி, ஆனால் கும்பிடுகிற கல் இல்லை என்று மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தட்டினேன், கணீர். வெள்ளைக் கோடு இரண்டு, இடது பக்கம் காலுக்கு ஒரு பள்ளம், ஆறாவது முயற்சியில் உச்சிக்குப் போய்விட்டேன். அப்புறம்தான் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன், இறங்க வழியே இல்லை, முழுக்கப் பாசி. குதிக்கவும் பயம். அரைமணி நேரம் மேலேயே உட்கார்ந்திருந்தேன், லயத்துப் பிள்ளைகள் கோயில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாட்டி கேட்ட கேள்வி, "இதுக்கு முதல்லயே ஏணி போட்டு ஏறியிருக்கலாமே?" ஏறும் முன்னே இறங்கும் வழியைப் பார் என்று நீங்கள் ஒருவரும் சொல்லவில்லையே!

ஊவாக் காற்று:
நீங்கள் ஏறத்தானே கேட்டீர்கள் தம்பி.