பாலாற்று முகத்துவாரத்துக்கு ஒரு பசுமை ஆய்வுப் படகு: முதல் வரைவில் எதைத் திருத்த வேண்டும்?

காட்பாடி_குழு:
வணக்கம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் குரோமியம் பாலாறு வழியாகக் கடல்வரை எவ்வளவு போகிறது என்று அளக்க ஒரு சிறு ஆய்வுப் படகுக்குத் திட்ட அறிக்கை எழுதுகிறோம். 15 மீட்டர் நீளம், இரட்டை உடல், அலுமினியம், எடை சுமார் 16 டன். நிறுத்துமிடம் புதுச்சேரி. வேலை செய்யும் இடம் கல்பாக்கத்துக்குத் தெற்கே, வாயலூர்ப் பக்கம். முழுக்க பேட்டரியில் ஓட்டலாமா, ஹைட்ரஜனா, மெத்தனாலா? வண்டல் எடுக்க ஸ்டெயின்லெஸ் கிராப் (அடிச்சேற்றைக் கவ்வி எடுக்கும் வாளி), அதை இறக்கி ஏற்ற எஃகுக் கம்பி விஞ்ச் போட்டிருக்கிறோம். குறை இருந்தால் சொல்லுங்கள்.

வரைபலகை:
எரிபொருளைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஒரு நாள் வேலையை மணிக்கணக்கில் பிரித்து எழுதுங்கள்.

புதுச்சேரியிலிருந்து பாலாற்று முகத்துவாரம் சுமார் 38 கடல்மைல். 8 நாட் (மணிக்கு 8 கடல்மைல்) வேகத்துக்கு இந்த அளவுப் படகு 40 கிலோவாட் கேட்கும் என்று வையுங்கள். போக நாலே முக்கால் மணி நேரம், 190 யூனிட். போக வர 380. பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் 475 யூனிட் பேட்டரி வேண்டும். பெட்டி, குளிர்விப்பு எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு 100 வாட்-மணி என்று பிடித்தால் நாலு டன்னைத் தாண்டும். 16 டன் படகில் அது நடக்காது.

அளவெடுக்கும் நேரம் வேறு கணக்கு. திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக ஏறி இறங்கும். 4 நாட்டில் உந்துவிசைக்கு 5 முதல் 7 கிலோவாட், கருவிகள், பம்பு, ஏசிக்கு இன்னொரு 6. நாலு மணி நேர வேலைக்கு 50 யூனிட் போதும். ஆகவே 80 யூனிட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, கூட ஒரு டீசல் ஜெனரேட்டர். போக வர ஜெனரேட்டர், மாதிரி எடுக்கும்போது பேட்டரி. புகையும் அதிர்வும் இருக்கக் கூடாத நேரம் அந்த நாலு மணிதான்.

8-ஐ 6 நாட்டாகக் குறைத்தால் 17 கிலோவாட் போதும். ஒரு வழிக்கு ஆறேகால் மணிக்குச் சற்று மேல், 108 யூனிட். எரிபொருளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் மிச்சம். ஆனால் ஒரே நாளில் திரும்ப முடியாது. இரவு தங்க இடம், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் வரும். எது வேண்டும் என்று நீங்களே முடிவெடுங்கள்.

சூரியத் தகடு போடுங்கள், மோகம் வேண்டாம். கூரையில் 40 சதுரமீட்டர் கிடைத்தால் 7 கிலோவாட், நாளுக்கு 28 யூனிட் வரும். பின்பக்க ஏ-சட்டத்தின் (கருவிகளைத் தொங்கவிடும் A வடிவச் சட்டம்) நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலே அந்த வரிசை முழுதும் சரியும். வரிசைகளைப் பிரித்துப் பிணையுங்கள். வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் ஆதித்யா சூரியப் படகில் 50 யூனிட் பேட்டரிதான். ஆனால் அது காயலில் குறுகிய தூரம், அடிக்கடி கரை தொடும் படகு. அதைக் காட்டி கடல் படகுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

காட்பாடி_குழு:
நன்றி சார். ஹைட்ரஜன் எடைக்கு எப்படி? ஜெர்மனியில் ஊத்தோர்ன் என்ற ஆய்வுக்கப்பல் மெத்தனாலில் ஓடுகிறதே?

வரைபலகை:
எடையில் ஹைட்ரஜன் ஜெயிக்கும் தம்பி. 380 யூனிட்டுக்குச் சுமார் 23 கிலோ வாயு, 350 பார் அழுத்தச் சிலிண்டரோடு 460 கிலோ. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் அந்த 23 கிலோவை மீன்பிடித் துறைமுகத்தில் யார் நிரப்புவார்கள்? உப்புக்காற்று, ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிபொருள் கலனை (ஃப்யூவல் செல்) கெடுக்கும், வடிகட்டி வேண்டும். ஊத்தோர்ன் சுமார் 35 மீட்டர் கப்பல். மெத்தனாலுக்கு டீசலைப் போல இரண்டேகால் மடங்கு தொட்டி தேவை. அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றும் வெப்பநிலை 12 டிகிரிக்குப் பக்கம் என்பதால் இரட்டைச் சுவர்க் குழாய், தொட்டியைச் சுற்றிக் காலி அறை எல்லாம் கட்டாயம். 15 மீட்டரில் அதற்கு இடமில்லை.

உப்புத்துகள்:
எல்லாரும் எஞ்சினையே பேசுகிறீர்கள். நீங்கள் அளக்கப்போவது குரோமியம். 316 ஸ்டெயின்லெஸ்ஸில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம். கிராப் தேய்ந்து கீறினால் உங்கள் சாதனமே மாதிரியில் கலந்துவிடும். டெஃப்லான் பூச்சு போடுங்கள்; வந்த வண்டலில் சுவரைத் தொட்ட பகுதியை விட்டுவிட்டு நடுவிலிருந்து பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளுங்கள். அலுமினியத்துக்கு அடிக்கும் பிரைமரில் குரோமேட் (குரோமியச் சேர்மம்) இருக்கும் வகை உண்டு. அது வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அடிப்பகுதிக்குச் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டும் கூடாது. அலுமினியத்தையே அரிக்கும், மாதிரியையும் கெடுக்கும். சிலிக்கோன் பூச்சு போதும். நீர் மாதிரிக்கு எஃகுக் கம்பி வேண்டாம். கெவ்லார் என்ற செயற்கை இழைக் கயிறும், வேண்டிய ஆழத்தில் மூடி நீரைப் பிடிக்கும் உலோகமில்லாத நிஸ்கின் குப்பியும் வையுங்கள்.

தோல் பதனிடும் குரோமியம் பெரும்பாலும் மூன்று-இணைதிறன் வகை. தண்ணீரில் அதிகம் கரையாது, மெல்லிய சேற்றோடு ஒட்டிப் படியும். கிராப் வேகமாக இறங்கினால் அதன் முன்னே தள்ளப்படும் நீரே மேல்படிவத்தைக் கலைத்துவிடும். நீங்கள் தேடுவது அங்கேதான் இருக்கிறது. கடைசி 3 மீட்டரை மெதுவாக இறக்க வேகக்கட்டுப்பாடுள்ள விஞ்ச் வேண்டும். முடிந்தால் கிராப்புக்குப் பதில் குழாய்க் கோரர் (சேற்றில் குத்தி அடுக்கு கலையாமல் எடுக்கும் குழாய்) எடுங்கள்.

மின்வாரி:
இரண்டு விஷயம். மோட்டார் இன்வெர்ட்டரின் சுவிட்சிங்கால் வரும் மின் இரைச்சல், ஒலியால் ஆழம் அளக்கும் ஆழமானியில் கோடுகோடாக விழும். மின்கம்பியும் சென்சார் கம்பியும் குறுக்கே போக வேண்டுமானால் செங்கோணத்தில் மட்டும். கருவிகளுக்குத் தனி யூபிஎஸ். ஆழமானியை முன்பக்க அடியில் வைத்தால் குமிழி மூடும். இரு உடல்களுக்கும் நடுவே இறக்கும் கம்பத்தில் மாட்டுங்கள். பேட்டரி அறை வெயில் படும் தளத்துக்கு நேர்கீழே வேண்டாம். 35 டிகிரிக்கு மேல் ஆயுள் குறையும். சோதிக்க வேறெங்கும் போக வேண்டாம், மே மாதத்தில் வேலூரில் ஒரு தகர ஷெட் போதும்.

ஜெனரேட்டரை உடலின் அடியில் இறுக்காமல் இரட்டை ரப்பர் தாங்கியில் மேல்தளத்தில் வையுங்கள்.

வரைபலகை:
உப்புத்துகள் சொன்னதோடு ஒன்று. விஞ்சில் தொங்கும் எடை நிலைத்தன்மைக் கணக்கில் கப்பியின் உச்சியில் இருப்பதாகவே எடுக்கப்படும், தண்ணீரில் இருக்கும் இடத்தில் அல்ல. சேற்றில் சிக்கிய கிராப்பைப் பிடுங்கும்போது அதன் எடையைவிடப் பல மடங்கு இழுவிசை வரலாம். அந்த எண்ணை வைத்துச் சாய்வைப் பாருங்கள்.

பெரிய சிக்கல் காலம். பாலாறு கடலைத் தொடுவதே வெள்ளம் வந்தால்தான். மற்ற நாட்களில் மணல் திட்டு வாயை அடைத்திருக்கும். 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் வரும்போது வங்கக்கடல் கொந்தளிக்கிற வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல் அமைதிக்கு வடிவமைத்த படகு வேண்டிய நாளில் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். இரு உடல்களை இணைக்கும் தளத்தின் அடிப்பகுதி அலையில் அறைபடாத உயரத்தில் இருக்கட்டும். முகத்துவாரத்துக்கு உள்ளே இந்தப் படகு போகாது. 40 சென்டிமீட்டருக்கு மேல் அமிழாத ஒரு மின்மோட்டார் துணைப்படகைச் சேர்த்து அதன் விலையையும் அறிக்கையில் போடுங்கள். அணுமின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அனுமதிக்கு இப்போதே எழுதுங்கள்.

காட்பாடி_குழு:
கிராப்பையும் பிரைமரையும் இன்றே மாற்றுகிறோம். 80 யூனிட் பேட்டரி, 6 நாட், இரவு தங்கல் என்று கணக்கை மறுபடி போட்டு இங்கேயே பதிகிறோம்.