எலி மருந்து வைக்காத வயல் நெல்லை வாங்க என்ன நிபந்தனை வைக்கலாம்?

தண்டையார்பேட்டை அரிசிக் கடைக்காரர்:
பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து விவசாயிகளிடம் நேரடியாக நெல் வாங்கி, அரைத்து விற்கிறேன். வயலில் வைக்கும் எலி மருந்தால் ஆந்தைகளும் சாகின்றன என்பதால், மருந்து வைக்காதவர்களுக்குக் கூடுதல் விலை தர விரும்புகிறேன். எதை நிபந்தனையாக்குவது?

மீஞ்சூர் விவசாயி:
முதலில் புரோமாடியோலோன் என்ற எலி மருந்தை விலக்கச் சொல்லுங்கள். அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை; சில நாள் தள்ளாடித் திரியும்போது கூகை ஆந்தை அதை எளிதாகப் பிடித்துத் தின்று, நஞ்சைத் தன் உடம்பிலும் ஏற்றிக்கொள்கிறது. அகல வரப்பில்தான் எலி அதிகம் வளை தோண்டும் என்பதால், வரப்பை ஒடுக்கிக் கட்டி, தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி வைத்து, கூகை அமர்வதற்கு டி வடிவக் குச்சிகளை நட்டால் எலித் தொல்லை பெரும்பகுதி அடங்கும். கதிர் முற்றும்போது குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும்; இல்லையேல் நெல் கொத்தும் பறவைகள் வந்து அமரும்.

பழவேற்காடு வாசகர்:
அறுவடைக்குப் பின் விலை பேசினால் யார் நம்புவார்கள்? நாற்று விடுவதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள். வளை தோண்டி எலி பிடிக்கும் இருளர்களின் கூலியிலும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மீஞ்சூர் விவசாயி:
அதுவும் சரிதான். ஆனால் உங்கள் கிடங்கில் எலிக்கு என்ன வைக்கிறீர்கள், ஐயா?