பிரிண்ட் ஏலத்தில் கையைச் சுட்டுக்கொண்ட கதைகள்

ரீல்பெட்டி (ஹாரோ, லண்டன்):

போன வருஷம் அமெரிக்காவிலிருந்து ஒரு 16 எம்.எம். பிரிண்டை (புரொஜெக்டரில் ஓட்டும் படச்சுருளை) இணைய ஏலத்தில் எடுத்தேன். 1970களின் கடைசியில் வந்த வண்ணப்படம், 1600 அடி ரீல் மூன்று. ‘கலர் கொஞ்சம் வார்ம்’ என்று போட்டிருந்தார்கள். 210 டாலருக்கு முடிந்தது. அனுப்பும் செலவு 70. இங்கே வந்து இறங்கியதும் இரண்டையும் கூட்டி, அதன்மேல் 20 சதவீதம் வரி.

புரொஜெக்டரில் மாட்டினேன். வானம் சிவப்பு, புல்வெளி சிவப்பு, கதாநாயகியின் முகம் பீட்ரூட். எட்டிப் பார்த்த மனைவி, “என்னங்க இது, நாடக லைட்ல சிவப்புத் தாள் ஒட்டின மாதிரி இருக்கே?” என்றாள்.

நம் ஊர் போஸ்டர்களில் பெருமையாகப் போட்டார்களே ஈஸ்ட்மென் கலர், அதன் குணம் இது. பெட்டியில் சும்மா கிடந்தாலே நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், மஞ்சளும் மங்கும். கடைசியில் தங்குவது செஞ்சாயம் மட்டும்தான். பழைய டெக்னிகலர் பிரிண்டுகளில் சாயத்தை அச்சடிப்பதுபோல் ஏற்றியதால் அவை இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் 70களின் நடுவிலேயே அமெரிக்காவில் அந்த முறையை நிறுத்திவிட்டார்கள். சீக்கிரம் வெளுக்காத எல்.பி.பி. பிலிமை கோடாக் கொண்டுவந்தது 1982இல். என் படம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

சரி, ஏலத்தில் போட்ட போட்டோக்களில் நிறம் நன்றாக இருந்ததே என்று மறுபடி பார்த்தேன். நான்கில் இரண்டு கறுப்பு வெள்ளை டைட்டில். மற்ற இரண்டும் திரையில் ஓடும்போது போனில் எடுத்தவை. போன் கேமரா தானாகவே சிவப்பைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. விற்றவரிடம் கேட்டதற்கு, “இத்தனை வருஷப் படம், வேறு எப்படி இருக்கும்?” என்று ஒரே வரி.

டூரிங் பையன் (திண்டுக்கல்):

உங்களுக்காவது படம் முழுசாக வந்தது அண்ணா. அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிறகுதான் படப்பெட்டி எங்கள் பக்கம் வரும். கீறல் விழுந்து திரையில் மழை பெய்யாத பிரிண்டை நான் பார்த்ததே கிடையாது! அந்த ஆசையில், அப்பாவுக்குப் பிடித்த பாட்டு இருக்கும் 35 எம்.எம். ரீல் ஒன்றை 9,000 ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தேன். முழு ரீல் என்றால் 2000 அடி, 22 நிமிஷம் ஓட வேண்டும். வந்தது பாதிகூட இல்லை. பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் ஓர் ஒட்டு. ஒட்டுக்கு அந்தப் பக்கம் பாட்டு முடிந்து நாயகி வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பாட்டை மட்டும் வெட்டித் தனியாக யாருக்கோ விற்றிருக்கிறார்கள்.

அப்பா டப்பாவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். காடி (வினிகர்) வாடை. “இதை வீட்டுக்குள்ள வைக்காதடா, பக்கத்து டப்பாவுக்கும் தொத்தும்” என்றார். அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான், அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். இப்போது அது மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. 9,000 ரூபாய் என்று மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சில்லறை ரீல் (கோவை):

இதனால்தான் நான் கறுப்பு வெள்ளையோடு நிறுத்திக்கொண்டேன். வெள்ளியால் ஆன பிம்பம், இந்தச் சாய வம்பு அதற்கு இல்லை. (காடி வாடை அதற்கும் வரும், அதையும் அனுபவித்தாயிற்று.) என்னை ஏமாற்றியது விலையில். 2,500 ரூபாயில் நின்ற ஒரு பிரிண்டைப் ஏலத்தளத்தில் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர் விடாமல் ஏற்றிக் கேட்டார். 6,800இல் நான் விலகினேன். மறுநாளே, ‘எடுத்தவர் பணம் கட்டவில்லை, உங்கள் கடைசி விலைக்கே தருகிறேன்’ என்று செய்தி. ஏற்றிவிட்டவர் விற்பவரின் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்று புரிகிறது. அன்று சந்தோஷமாகப் பணம் கட்டினேன்.

ரீல்பெட்டி (ஹாரோ, லண்டன்):

தம்பி, அப்பாவிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

இப்போதெல்லாம் திரையில் எடுத்த போட்டோவை நான் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு ரீலின் நடுவிலிருந்தும் ஒரு முழம் பிலிமை வெள்ளை விளக்குக்கு முன்னால் பிடித்து, ஓரத்தில் இருக்கும் எழுத்தும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எல்.பி.பி. என்று இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. முதல் ரீலை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்வதில்லை, ஏனென்றால் நல்ல ரீல் ஒன்றை முன்னால் வைத்து மற்றதைத் தள்ளிவிடும் ஆட்களையும் பார்த்துவிட்டேன். ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று கோடாக் அந்தக் காலத்தில் போட்ட வருஷக் குறியையும் பார்க்கலாம். ஆனால் அதே குறி 20 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், அதை மட்டும் நம்பி ஏலம் கேட்க முடியாது.

போன வாரம் ஒருவரிடம் இப்படிப் போட்டோ கேட்டேன். பதில் வரவில்லை. அந்தப் பிரிண்டை ஏலத்திலிருந்து விலக்கிவிட்டு, நேற்று 40 டாலர் ஏற்றி மறுபடி போட்டிருக்கிறார். விவரத்தில் புதிதாக ஒரு வரி: ‘கலர் கொஞ்சம் வார்ம்’.