இலவச லேப்டாப் லிங்க்கில் தம்பி 1 ரூபாய் கட்டிவிட்டான். நாளை 499 எடுப்போம் என்று எஸ்எம்எஸ். ஆப்பை அழித்தால் போதுமா?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். தம்பி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் "மாணவர்களுக்கு இலவச லேப்டாப், பதிவு செய்ய இன்றே கடைசி நாள்" என்று ஒரு லிங்க் வந்திருக்கிறது. பக்கத்தின் தலையில் அரசு முத்திரை, கீழே "எனக்கு வந்துவிட்டது, நன்றி" என்று வரிசையாகக் கமெண்ட்டுகள். இவனும் பெயர், செல் நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் போட்டிருக்கிறான். பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் பதிவு முடியும் என்றதாம், அனுப்பிவிட்டான். கடைசியில் "கூரியர் சரிபார்ப்புக்கு 1 ரூபாய்", அதை யுபிஐயில் கட்டினான். விண்ணப்ப நிலையைப் பார்க்க என்று ஒரு ஆப்பும் இறக்கிப் போட்டிருக்கிறான்.

இன்று காலை, நாளைக்கு ரூ.499 ஆட்டோபேயில் எடுக்கப்படும் என்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. ஆப்பை அழித்துவிட்டேன், ஒன்றும் ஆகாது என்கிறான். அப்படியா? அந்தக் கணக்கில் அவனுடைய ஸ்காலர்ஷிப் பணம் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

பழைய மோடம்:

ஆகும். ஆட்டோபே அந்த ஆப்புக்குள் இல்லை, வங்கியில் பதிவாகியிருக்கிறது. 1 ரூபாய்க்கு பின் நம்பர் போட்டானே, அப்போதே மாதாமாதம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் கொடுத்தாகிவிட்டது. 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்த தவணைகளுக்கு மறுபடி பின் கேட்க மாட்டார்கள். எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கு வந்தது அதுவாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். "ரத்து செய்ய இங்கே தொடவும்" என்று லிங்க்கோ, கூப்பிட ஒரு நம்பரோ அதில் இருந்தால் தொடாதீர்கள். அந்த எஸ்எம்எஸ்ஸே அடுத்த தூண்டிலாக இருக்கும். எந்த யுபிஐ ஆப்பில் கட்டினானோ அதை நீங்களே திறந்து, புரொஃபைலில் ஆட்டோபே பக்கத்துக்குப் போங்கள். அங்கே இருந்தால் உண்மை. உடனே ரத்து செய்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கடைவீதி:

இவ்வளவு எதற்கு? ஃபேக்டரி ரீசெட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

பழைய மோடம்:

இப்போது வேண்டாம் அண்ணா. ரீசெட் போட்டால் ஆட்டோபே போகாது. புகாருக்கு வேண்டிய லிங்க், மெசேஜ், ஆப்பின் பெயர் இவைதான் போகும். முதலில் எல்லாவற்றையும் படம் பிடித்து வேறு போனுக்கு மாற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்.

காவிரிக்கரை:

ஆட்டோபே பக்கத்தில் இருந்தது! பெயர் லேப்டாப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ வீடியோ ஆப். அன்றைக்கு வந்த திரை எப்படி இருந்தது என்று தம்பியைக் கேட்டேன். நடுவில் ₹1 என்று பெரிதாக இருந்ததாம், அதன் கீழே பொடி எழுத்தில் அதிகபட்சம் ₹499, மாதந்தோறும் என்று ஏதோ இருந்ததாம். படிக்கவில்லை. ரத்து செய்துவிட்டோம்.

இன்னொன்று. ஆப்பை அழித்துவிட்டேன் என்றானே, ஐகான்தான் காணோம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் இன்னும் இருக்கிறது. எஸ்எம்எஸ் அனுமதியும் வாங்கி வைத்திருக்கிறது. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருக்கிறது, தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை.

பழைய மோடம்:

இதுதான் 499-ஐ விடப் பெரிய விஷயம். உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்க வேண்டும். பிளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே கோப்பாக வரும் இந்த மாதிரி ஆப்கள் ஐகானை மறைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். வரும் ஓடிபி எல்லாம் எங்கேயோ இருப்பவனுக்குப் போய்க்கொண்டிருக்கும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்று வேறு வேறு வேஷத்தில் வருவதும் இதே சரக்குதான்.

பட்டன் மங்கலாக இருந்தால் அந்த ஆப் பெரும்பாலும் டிவைஸ் அட்மின் உரிமை, அதாவது போனையே நிர்வகிக்கும் உரிமை, வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். செட்டிங்ஸ் தேடும் இடத்தில் "டிவைஸ் அட்மின்" என்று அடித்து, அந்தப் பட்டியலில் இதை அணையுங்கள். அப்புறம் அன்இன்ஸ்டால் வேலை செய்யும். அடம் பிடித்தால் சேஃப் மோடில் (நாமாகப் போட்ட ஆப்கள் ஓடாத நிலை) போனைத் திறந்து அதையே செய்யுங்கள். திரையைப் படிக்கவும் தொடவும் விடும் அக்சஸிபிலிட்டி அனுமதி கொடுத்திருக்கிறானா, வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பும் கால் ஃபார்வர்டிங்கில் தெரியாத நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நெட்பேங்கிங் பாஸ்வேர்டை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். இந்த போனிலேயே மாற்றினால் புதுச் சாவியையும் அவனிடமே கொடுத்த மாதிரி. யுபிஐ பின்னை ஆப் போய் போன் சுத்தமான பிறகு மாற்றலாம். இதெல்லாம் முடிந்ததும் கடைவீதி அண்ணன் சொன்ன ரீசெட்டைப் போடுங்கள், அப்போது அது நல்ல யோசனை.

கவுண்டர் 3:

வங்கியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். போனது 1 ரூபாய்தானே என்று விடாதீர்கள் சகோதரி. சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். அந்தப் புகார் எண்ணோடு கிளைக்குப் போய், எழுத்தில் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம் அவர் தகவல் சொல்லும்வரை அவர் தலையில்தான். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் நாளை என்று தள்ளாமல் இன்றே சொல்லச் சொல்கிறேன்.

ஆதார் நம்பர் வெளியே போனதற்கு, ஆதார் ஆணையத்தின் ஆப்பில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டி வையுங்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம், அவனுக்குத் தெரியாதது இருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம். போலி மெசேஜைப் புகார் செய்யும் சக்ஷு பிரிவும் அதே தளத்தில் இருக்கிறது.

காவிரிக்கரை:

ஆப் போய்விட்டது. 1930-இல் புகார் எண் கொடுத்தார்கள். நன்றி அண்ணா. தம்பி முகம் தொங்கிப் போயிருக்கிறது. இனிமேல் இலவசம் என்றாலே தொட மாட்டேன் என்கிறான். லேப்டாப் அவனுக்கு நிஜமாகவே தேவை. எது உண்மை என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

நூலகப்பூச்சி:

இலவசத்தையே ஒதுக்க வேண்டியதில்லை மா, நஷ்டம் அவனுக்குத்தான். அரசு லேப்டாப்பும் பொய்யில்லையே. 2011-இல் தொடங்கிய திட்டம் அது, கொடுத்தது பள்ளி, கல்லூரி வழியாக. ஆகவே கேட்க வேண்டிய இடம் அவன் கல்லூரி அலுவலகம். நான் செய்வது இவ்வளவுதான்: வந்த லிங்க்கைத் தொடாமல், கொடுப்பதாகச் சொல்கிறவரின் வாசலுக்கு நானாகப் போய்ப் பார்ப்பேன். அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

முகவரியைப் படிக்கவும் பழக வேண்டும். நடுவில் ஜிஓவி என்று எங்கேயாவது ஒட்டியிருப்பதில் அர்த்தமில்லை. தொடக்கத்து https://-ஐ விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் "டாட் ஜிஓவி டாட் இன்" (.gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். வங்கிகளும் இப்போது "டாட் பேங்க் டாட் இன்" (.bank.in) முகவரிக்கு மாறிவிட்டன. எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: அரசு என்றால் ஜி (G), விளம்பரம் என்றால் பி (P). பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்து பார்ப்பதும் நல்லது. கடைசி நேரக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும், "5 நிமிடம் முன்பு" போட்ட நன்றிக் கமெண்ட் மறுநாளும் 5 நிமிடம் முன்புதான் போட்டதாக இருக்கும்!

படிக்கிற பையனுக்கு நிஜ இலவசம் கொட்டிக் கிடக்கிறது. ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் இணையப் பாடங்களைப் பார்க்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். எம்எஸ் ஆஃபீஸுக்குத் திருட்டு நகல் தேடாமல், அதே வேலையைச் செய்யும் இலவச லிப்ரே ஆஃபீஸ் போட்டுக்கொள்ளலாம். படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தமிழ் இலக்கிய மின்னூல்களைத் தரும் மதுரைத் திட்டம். புரோகிராமிங் பக்கம் போகிறவன் என்றால், அதற்கான கருவிகளை மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் கிட்ஹப் மாணவர் தொகுப்பு.

மோசடியும் இல்லை, முழு இலவசமும் இல்லை என்று ஒரு நடு ரகமும் உண்டு. 2025 நவம்பரில் சாட்ஜிபிடியின் கட்டணத் திட்டமான "கோ" ஒரு வருடம் இலவசம் என்று வந்ததே, அது உண்மையான சலுகை. ஆனால் கார்டோ யுபிஐயோ இணைக்கச் சொன்னது. இப்படி எது எடுத்தாலும் அன்றைக்கே ஆட்டோபேயை ரத்து செய்ய முடிகிறதா என்று பார்த்து, முடியாவிட்டால் காலண்டரில் நாள் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்கிறேன். அவன் அனுப்பிய பத்துப் பேரில் எங்கள் சித்தியும் இருக்கிறார். எல்லாருக்கும் இந்த இழையின் லிங்க்கை அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

பழைய மோடம்:

அவன் நம்பரிலிருந்து இன்னொரு லிங்க்கா? கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். முதலில் சித்தியை. ஆப் போட்டாரா, 1 ரூபாய் கட்டினாரா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கட்டியிருந்தால் அவருக்கும் ஆட்டோபே பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.