டாடா 207-க்கு சொந்தமாக மீட்டர் பேனல் செய்வது: தகடு, சென்சார், வயரிங் சந்தேகங்கள்

மண்சாலை207:

வணக்கம். எங்களிடம் 1990-களில் வாங்கிய டாடா 207 இருக்கிறது, டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) வருவதற்கு முந்தைய எஞ்சின். அப்பா தேங்காய் லோடுக்கு ஓட்டிய வண்டி, இப்போது தோட்ட வேலைக்கு நான் ஓட்டுகிறேன். எஞ்சின், கியர்பாக்ஸில் ஒரு குறையும் இல்லை. மீட்டர் போர்டுதான் முடிந்துவிட்டது. கண்ணாடி மங்கி, பிளாஸ்டிக் விரிந்து, பின்னால் ஒட்டியிருக்கும் பிலிம் சர்க்யூட் உரிந்து வருகிறது. டெம்பரேச்சர் முள் வெறுமனே படுத்துக் கிடக்கும், ஹெட்லைட் போட்டால் மட்டும் எழுந்திருக்கும்.

பழைய மார்க்கெட்டில் தேடினால் கிடைப்பதெல்லாம் இதே நிலையில்தான் இருக்கின்றன. அதனால் அலுமினியத் தகட்டில் சொந்தமாக ஒரு பேனல் செய்து, நடுவில் ஸ்பீடோமீட்டரும் ஆர்பிஎம் மீட்டரும், பக்கத்தில் டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், டீசல், வோல்ட் என நான்கு சின்ன மீட்டர்களும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். தகடு எத்தனை மி.மீ. எடுப்பது? வண்டியில் இருக்கும் சென்சார்களை அப்படியே புது மீட்டருக்குக் கொடுக்கலாமா? டீசல் வண்டிக்கு ஆர்பிஎம் மீட்டர் வேலை செய்யுமா, செய்யாதா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். த்ரீடி பிரிண்டில் செய்துகொள்ளச் சொல்லி ஒரு நண்பன் வற்புறுத்துகிறான், அது தாங்குமா என்றும் சொல்லுங்கள்.

---

பட்டறைவாசி:

தம்பி, தகடு கடைசி வேலை. முதலில் மீட்டரையும் சென்சாரையும் ஜோடி சேருங்கள், அப்புறம் எர்த். இந்த இரண்டும் சரியாக இல்லாமல் எவ்வளவு அழகான பேனல் செய்தாலும் முள் பொய்தான் சொல்லும்.

ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் எழுகிறது என்றீர்களே, முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டர் போர்டின் எர்த்தைத்தான். போர்டில் இருக்கும் பல்புகளின் கரண்ட்டும் மீட்டரின் கரண்ட்டும் ஒரே துருப்பிடித்த ஸ்க்ரூ வழியாகத் திரும்புகிறது, அந்த ஸ்க்ரூவில் வோல்டேஜ் விழுகிறது, மீட்டர் அதைச் சூடு என்று காட்டுகிறது. புது பேனலில் தகட்டையே எர்த்தாக நம்பாதீர்கள், பவுடர் கோட்டிங் அடித்தால் அது கரண்ட்டைக் கடத்தாது. ஒவ்வொரு மீட்டருக்கும் தனியாக ஒரு கறுப்பு வயர் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே ரிங் டெர்மினலில் சேர்த்து, பெயின்ட் சுரண்டிய பாடி போல்ட்டில் இறுக்குங்கள். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் எர்த் ஸ்ட்ராப்பையும் கழற்றித் தேய்த்துப் போடுங்கள், ஏனென்றால் சென்சார் எர்த் எடுப்பது எஞ்சின் பிளாக்கில்தான்.

பழைய சென்சாரைப் புது மீட்டருக்கு அப்படியே கொடுக்கலாமா என்றால், சென்சாரின் ரெசிஸ்டன்ஸ், அதாவது ஓம், மீட்டருக்குப் பொருந்தினால் கொடுக்கலாம். டீசல் மீட்டரில் சந்தையில் பரவலாக இருப்பவை, காலி டேங்க் நிரம்பும்போது 10-லிருந்து 180 ஓம் வரை போவது, 240-லிருந்து 33 வரை இறங்குவது, பழைய ஜிஎம் வண்டிகளின் 0-லிருந்து 90. மூன்றும் ஒன்றுக்கொன்று சேராது. டேங்க் யூனிட்டை, அதாவது டேங்கில் மிதவையோடு இருக்கும் டீசல் சென்சாரைக் கழற்றி, மிதவையைக் கையால் கீழே வைத்து ஒரு அளவு, மேலே தூக்கி ஒரு அளவு மல்டிமீட்டரில் எடுத்துக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள். டெம்பரேச்சருக்கும் ஆயில் பிரஷருக்கும் யோசிக்கவே வேண்டாம், மீட்டரோடு வரும் சென்சாரையே போடுங்கள். மரை சேராவிட்டால் லேத்தில் ஒரு பித்தளை புஷ் கடைந்து கொடுப்பார்கள், ஆனால் சென்சாரின் முனை தண்ணீருக்குள் நனைய வேண்டும், புஷ்ஷுக்குள்ளேயே ஒளிந்துகொண்டால் அளவு குறைவாகவே காட்டும். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றாதீர்கள், எர்த் போகும் வழியே அந்த மரைதான்.

டெம்பரேச்சர் மீட்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன் மேஜையிலேயே சோதித்துவிடலாம். பேட்டரியிலிருந்து மீட்டருக்கு பிளஸ், மைனஸ். சென்சாரின் உடம்பில் ஒரு வயரைச் சுற்றி அதே மைனஸுக்கு, சென்சாரின் பின்னிலிருந்து மீட்டரின் சிக்னலுக்கு. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வயர் நனையாமல் முனையை மட்டும் முக்குங்கள். முள் 100-க்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 80-லேயே நின்றுவிட்டால் அந்த ஜோடி சரியில்லை, கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆயில் பிரஷருக்குப் பழைய வார்னிங் லைட் ஸ்விட்சைக் கழற்றி எறிய வேண்டாம். டி கனெக்டர் போட்டு ஸ்விட்ச், சென்சார் இரண்டையும் வைக்கலாம், ஆனால் அந்தக் கனத்தை நேராக எஞ்சினில் தொங்கவிட்டால் டீசல் அதிர்வுக்குப் பித்தளை மரை ஒருநாள் முறியும், ஆயில் மொத்தமும் ரோட்டில் கிடக்கும். ஒரு ஃப்ளெக்சிபிள் ஹோஸ் இழுத்து, டி-யை ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். ஆயிலையே குழாய் வழியாக கேபினுக்குள் கொண்டுவரும் பழைய மெக்கானிக்கல் மீட்டரைச் சிலர் சிபாரிசு செய்வார்கள், நான் செய்ய மாட்டேன். குழாய் விட்டால் சுடுகிற ஆயில் காலில் வரும்.

ஆர்பிஎம் மீட்டர் டீசலுக்கும் வேலை செய்யும். இக்னிஷன் காயிலில் சிக்னல் எடுக்கும் பெட்ரோல் மீட்டர்தான் ஆகாது. ஆல்டர்னேட்டரின் டபிள்யூ (W) டெர்மினலில், அதாவது அது சுற்றும் வேகத்துக்கேற்ற துடிப்பு வரும் முனையில், எடுக்கும் மீட்டர் வாங்குங்கள். உங்கள் ஆல்டர்னேட்டரில் அது வெளியே வரவில்லையென்றால், ரீவைண்டிங் செய்பவரிடம் கொடுத்தால் ஸ்டேட்டரின் ஒரு ஃபேஸிலிருந்து வயர் எடுத்துத் தருவார். கணக்கு எளிது: 12 போல் (காந்த முனை) ஆல்டர்னேட்டர், புல்லி விகிதம் 2 என்றால், எஞ்சின் 1000 சுற்றும்போது ஆல்டர்னேட்டர் 2000, 12 முனைக்கு 6 ஜோடி என்பதால் அதை 6-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 200 ஹெர்ட்ஸ். அதற்கேற்ப மீட்டரின் பின்னால் செட் செய்ய வேண்டும். பெல்ட் வழுக்கினால் முள்ளும் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

---

தகடும் தணலும்:

தகடு வேலை என் தொழில் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன் நண்பரே. 2 மி.மீ. அலுமினியம் போதும், ஆனால் மேலும் கீழும் 15 மி.மீ. பின்பக்கம் மடித்துவிடுங்கள், மடிப்பு இல்லாத தட்டைத் தகடு ஐடிலிங்கில் தடதடவென்று ஆடும். மடிக்கப் போகிறீர்கள் என்றால் 5052 என்ற அலுமினிய ரகம் கேளுங்கள். 6061 டி6 நல்ல உறுதியான சரக்குதான், ஆனால் இறுக்கமாக மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும்.

முதலில் அட்டையில் வெட்டுங்கள். வட்டங்களைக் காகிதத்தில் அச்சடித்து அட்டையில் ஒட்டி, அதை டேஷ்போர்டில் டேப் போட்டு நிறுத்தி, சீட்டில் வழக்கமாக உட்காருவது போல உட்கார்ந்து பாருங்கள். ஸ்டீயரிங் வளையம் எதை மறைக்கிறது என்று அப்போதுதான் தெரியும். சின்ன மீட்டர்கள் 52 மி.மீ., முன்வளையத்தோடு 60 வரை வரும், ஆகவே மையத்துக்கு மையம் 65-க்குக் குறையாமல் விடுங்கள். பின்னால் உள்ள ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், வைப்பர் லிங்க் இடிக்கலாம். ஸ்பீடோமீட்டர் கேபிளுக்குத்தான் அதிக இடம் வேண்டும், மீட்டரை விட்டதும் நேராகக் கொஞ்ச தூரம் ஓடி அப்புறம் மெதுவாக வளைய வேண்டும். சட்டென்று வளைத்தால் முள் துள்ளும், உள்கம்பியும் சீக்கிரம் அறுந்துபோகும்.

கோயம்புத்தூர் பக்கம் என்றால் லேசர் கட்டிங் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, டிஎக்ஸ்எஃப் (கம்ப்யூட்டர் வரைபட ஃபைல்) கொடுத்தால் சுத்தமாக வந்துவிடும். ஓட்டை 52.5 வையுங்கள், பவுடர் கோட்டிங் ஏறியபின் மீட்டர் உள்ளே போக வேண்டும். கையால் செய்வதானால் 51 மி.மீ. ஹோல்சா (வட்டமாக வெட்டும் ரம்பம்) போட்டு, மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு மெதுவாக இறக்குங்கள். உலர்ந்த அலுமினியம் பல்லில் அப்பிக்கொண்டு வெட்டவே வெட்டாது. மீதியை அரைவட்ட அரத்தால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, மீட்டரை வைத்து வைத்துப் பாருங்கள். பர் (வெட்டிய ஓரத்தில் நிற்கும் கூர்ப்பிசிறு) எடுக்காமல் விட்டால் பின்னால் போகும் வயரை அது அறுத்துவிடும்.

பாலிஷ் வேண்டாம். பளபளப்பான தகடு படத்தில் நன்றாக இருக்கும், வெயிலில் கண்ணைக் குத்தும், இரவில் முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். மேட் கறுப்புதான் நல்லது. த்ரீடி பிரிண்ட் பற்றிக் கேட்டீர்கள்: பிரிண்டுக்குப் பரவலாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்கே இளகும், நம் ஊர் வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். ஏஎஸ்ஏ என்ற இன்னொரு பிளாஸ்டிக் என்றால் தாங்கும். மீட்டருக்குப் பின்னால் ஒளி தடுக்கும் கூடு, கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளக்) பிடிக்கும் கிளிப் மாதிரி சின்னச் சாமான்களுக்கு அது நல்ல வழி.

---

ஊர்சுற்றி:

ஸ்பீடோமீட்டரை மட்டும் மாற்றாதீர்கள் என்பது என் கருத்து. பழையது ஓடுகிறது என்றால் அதையே கழற்றிச் சுத்தம் செய்து புது தகட்டில் உட்கார வையுங்கள். அதன் கேபிளும் கியர்பாக்ஸ் பல்சக்கரமும் உங்கள் டயர் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தவை. வேறு வண்டி மீட்டரைப் போட்டால் கேபிள் சுற்றுக்கும் கிலோமீட்டருக்கும் உள்ள விகிதம் மாறும், 60-ல் போகும்போது 75 காட்டும். டயலின் அடியில் பொடி எழுத்தில் அந்த எண் இருக்கும், மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே எண் பார்த்து வாங்குங்கள். ஓடோமீட்டர் மாறினால் பழைய கிலோமீட்டரைப் போட்டோ எடுத்து வண்டிக் காகிதங்களோடு வையுங்கள், நாளை விற்கும்போது வாங்குகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும்.

எஃப்சி (தகுதிச் சான்றிதழ்) எடுக்கிற வண்டி என்றால் இன்னும் கவனம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதியே ஸ்பீடோமீட்டருக்குத்தான், ஓட்டுகிறவர் பார்வையில் வேகம் தெரிய வேண்டும். வேலை செய்யாத மீட்டரோடு போய் நிற்காதீர்கள்.

அப்புறம் வார்னிங் லைட்டுகளை யாருமே பேசவில்லை. இண்டிகேட்டர், ஹைபீம், ஹேண்ட்பிரேக், ஹீட்டர் பிளக், ஆயில், சார்ஜ், எல்லாமே புது தகட்டில் வர வேண்டும். லோடோடு மேடு ஏறும்போது யாரும் ஆயில் பிரஷர் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், சிவப்பு லைட் எரிந்தால்தான் கண் போகும்.

---

மண்சாலை207:

அனைவருக்கும் நன்றி. அட்டை வெட்டிப் பார்த்தேன், ஆர்பிஎம் மீட்டரை ஸ்டீயரிங் வளையம் பாதி மறைக்கிறது, அதனால் அதை 52-லேயே வாங்கி ஓரத்தில் வைக்கப்போகிறேன். ஸ்பீடோமீட்டர் பழையதே.

டேங்க் யூனிட்டைக் கழற்றி அளந்தேன். ஒரிஜினல் இல்லை, முன்பே யாரோ மாற்றியிருக்கிறார்கள். மிதவை கீழே இருக்கும்போது 238 ஓம், மேலே தூக்கினால் 34. ஆனால் நான் வாங்கிவைத்த டீசல் மீட்டர் 10-180. இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னார்கள், அப்படிச் செய்யலாமா? இன்னொன்று, வார்னிங் லைட்டுகளை எல்லாம் சின்ன எல்இடியாகப் போட நினைக்கிறேன்.

---

பட்டறைவாசி:

தம்பி, வயரை மாற்றிப் போட்டு ஒன்றும் ஆகாது. ஓம் எந்தப் பக்கம் போனாலும் ஓம்தான். இந்த மீட்டரை வைத்தால் டேங்க் நிரம்பியிருக்கும்போது காலிக்குச் சற்று மேலே நிற்கும், காலியாகும்போது முழு டேங்க் காட்டும். உங்கள் யூனிட் 240-33 வகை, அது நல்ல நிலையில் இருந்தால் மீட்டரை அந்த வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், டேங்கில் கை வைப்பதைவிட அது சுலபம். மிதவையை மெதுவாக ஏற்றி இறக்கி நடுவில் எங்காவது ஓம் குதிக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், குதித்தால் உள்ளே டிராக் தேய்ந்திருக்கிறது, யூனிட்டையே மாற்றுங்கள்.

எல்இடி போடலாம், சார்ஜ் லைட்டுக்கு மட்டும் அப்படியே போடாதீர்கள். ஆல்டர்னேட்டர் முதலில் உயிர் பெறுவதே அந்த பல்பு வழியாக ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் (D+) டெர்மினலுக்குப் போகும் சின்னக் கரண்ட்டில்தான். எல்இடி அந்த அளவு கரண்ட்டை விடாது, வண்டி ஸ்டார்ட் ஆகும், சார்ஜ் ஆகாது. ஒன்று அந்த இடத்தில் பழையபடி 2 அல்லது 3 வாட் பல்பே இருக்கட்டும், இல்லையென்றால் எல்இடிக்கு இணையாக 56 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். ரெசிஸ்டர் சூடாகும், வயர் கட்டுக்குள் சுருட்டிவைக்காமல் தகட்டில் பிடித்துவிடுங்கள். எல்லா வயரையும் ஒரே கப்ளரில் கொண்டுவந்து, மீட்டர் சப்ளைக்குத் தனியாக 5 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். சாவி போட்டு எஞ்சின் ஓடும்போது வோல்ட் மீட்டர் 13.8-லிருந்து 14.4-க்குள் நின்றால் சார்ஜிங் சரி.

வயரிங் முடிந்ததும் தகட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.