ஓராண்டு ஆய்வுக்கு லண்டன் வந்திருப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மாலைகளை விட்டுவிடாதீர்கள்

வருகைதரு ஆய்வாளராகப் புதிதாக வந்திறங்கியவர்கள் சிலர், லண்டனில் என்ன பார்க்கலாம், எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருந்தீர்கள். நானும் ஓராண்டுக்கு வந்தவன்தான். முதல் ஆறு மாதம் ஆய்வகம், அறை, மறுபடி ஆய்வகம் என்றே போய்விட்டது. நீண்ட விடுமுறை ஒன்று வரட்டும், மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்படி ஒரு விடுமுறை வரவே இல்லை.

இங்கே பெரிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும்தான் டிக்கெட். காசு கொடுக்காததால், எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்க்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. ஒரே ஓர் அறைக்குப் போய் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். நான்கு நாள் சுற்றுலா வருபவருக்கு இது வாய்க்காது, உங்களுக்கு வாய்த்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8.30 வரையும், நேஷனல் கேலரி 9 வரையும், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் 10 வரையும் திறந்திருக்கும். வேலை முடிந்ததும் பையோடு நேராகப் போய்விடுங்கள். அறைக்குப் போய்விட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தால் கிளம்ப மாட்டீர்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் நான் முதலில் போகச் சொல்வது 33ஏ எண் அறைக்கு. ஆந்திராவின் அமராவதியில் இருந்த பௌத்த ஸ்தூபத்தின் சிற்பப் பலகைகள் அங்கே இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கப்பலேறியவை அவை. அதே ஸ்தூபத்தின் வேறு பலகைகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. எழும்பூரில் பள்ளிச் சுற்றுலாவின்போது ஓடிக் கடந்த சிற்பங்களின் உடன்பிறப்புகளை இங்கே பார்த்தபோது, என்னால் வெகுநேரம் நகர முடியவில்லை. வெளியே வந்தால் ரஸ்ஸல் சதுக்கம் பக்கம்தான். அங்கே லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோயாஸ் (SOAS) கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது, பிரிட்டிஷ் நூலகம். அடையாள ஆவணமும் முகவரிச் சான்றும் காட்டினால் வாசகர் அட்டை இலவசம். கிழக்கிந்திய கம்பெனிக் காலம் முதல் 1947 வரையிலான இந்தியா ஆபீஸ் (இந்திய ஆட்சியைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) ஆவணங்கள் அங்கேதான் உள்ளன. உங்கள் துறை வேதியியலோ கணினியோ எதுவானாலும், உங்கள் மாவட்டத்தைப் பற்றிய ஒரு பழைய கோப்பையாவது கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கிரெஷாம் கல்லூரியின் சொற்பொழிவுகளைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 1597 முதல் நடக்கும் இலவசப் பொதுச் சொற்பொழிவுகள் அவை. முன்பதிவு செய்துகொண்டு போனால் போதும். துறைக்கு வெளியே நாலு பேரோடு பேசக் கிடைக்கும் நல்ல இடம் அது.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிராம்ஸ் (Proms) என்ற மேற்கத்திய இசைக் கச்சேரித் தொடர் நடக்கும். அன்றன்று விற்கும் நின்று கேட்கும் டிக்கெட் மலிவு. மேற்கத்திய இசை பழக்கமில்லையே என்று தயங்காதீர்கள். நாடகத்துக்கு லெஸ்டர் சதுக்கத்துத் தள்ளுபடி டிக்கெட் கூடம் இருக்கிறது.

நடக்க விரும்புகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே நடந்துவிடுங்கள். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஹாம்ஸ்டெட் ஹீத்தின் பார்லிமென்ட் ஹில், கிரீனிச் குன்று இரண்டிலிருந்தும் நகரமே விரிந்து தெரியும். ரிச்மண்ட் பூங்காவில் மான்கள் திரிகின்றன, கிட்டே மட்டும் போகாதீர்கள். போக்குவரத்துக்குப் பேருந்துதான் சிக்கனம்; முதல் பேருந்தில் ஏறியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம்தான்.

அப்புறம், குடும்பத்தோடு வந்திருப்பவர்களுக்கு. நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள். கூட வந்தவர் தெரியாத ஊரில் நான்கு சுவருக்குள் நாள் முழுக்க இருக்க வேண்டியிருக்கும். இதை நான் பிந்தித்தான் உணர்ந்தேன், இன்றும் வருத்தமாக இருக்கிறது. சவுத் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் அடுத்தடுத்து இருக்கின்றன, இரண்டும் இலவசம். பள்ளி விடுமுறை நாட்களில் கூட்டம் தாங்காது, மற்ற நாட்களில் போகச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ளாட்சிப் பொது நூலகம் இருக்கும். உறுப்பினராகக் கட்டணமில்லை, பல கிளைகளில் சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நேரமும் உண்டு. வந்த முதல் வாரத்திலேயே நீங்களே கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுங்கள்.