சைன் வைக்கப் போன தம்பியை மறித்துவிட்டார்கள்: பெயில் இப்போதே போடுவதா, பொறுப்பதா?

மழைமேகம் எழுதியது:
லண்டனில் இருக்கிறேன். தம்பியின் விஷயமாக ஆலோசனை கேட்கிறேன். 2011 இல் இலங்கையிலிருந்து ஸ்டூடன்ட் விசாவில் வந்தான், பிறகு அகதி வழக்குப் போட்டான், அப்பீலும் தோற்றது. அதற்குப் பிறகு ஹோம் ஒஃபிஸ் (பிரிட்டனின் உள்துறை அமைச்சு) சொன்ன நாட்களில் போய்க் கையெழுத்துப் போட்டு, அதாவது சைன் வைத்துக்கொண்டு இருந்தான். போன செவ்வாய் சைன் வைக்கப் போனவனை உள்ளே கூப்பிட்டு, பெல்ட்டையும் போனையும் வாங்கிவிட்டார்கள். வெளியே காரில் இருந்த என் கணவர் இரண்டு மணி நேரம் காத்திருந்து, பார்க்கிங் டிக்கெட்டோடு வீட்டுக்கு வந்தார்.

இப்போது தம்பி தடுப்பு நிலையத்தில். கேமரா இல்லாத ஒரு சின்ன போன் கொடுத்திருக்கிறார்கள், அதில்தான் கதைக்கிறான். திருப்பி அனுப்பும் திகதி இன்னும் வரவில்லை. லோயர் ஒருவர் பெயிலுக்கும் புதிய வழக்குக்கும் சேர்த்து 3,500 பவுண் கேட்கிறார். பெயிலுக்குக் காசே தேவையில்லை, நாளைக்கே போடலாம் என்கிறார் தெரிந்த ஒருவர். ஒரு சிக்கலும் இருக்கிறது. 2017 முதல் இரண்டு வருடம் அவன் சைன் வைக்கவில்லை. வேறு ஊரில் ஒரு கடையில் கைக்காசுக்கு வேலை செய்தான். பிறகு தானாகவே போய் நின்றான். என் கணவர்தான் பிணை நிற்க வேண்டும். கேட்டால் ஒன்றும் சொல்லாமல் டிவியைப் பார்க்கிறார்.

பழைய_காம்ப் எழுதியது:
அக்கா, நாளைக்கே போடுங்கள். நான் 71 நாள் உள்ளே இருந்தவன். முதல் 30 நாள் “ஃபைல் ரெடியாகட்டும், பொறு” என்று சொல்லியே என் லோயர் கடத்தினார். குடிவரவு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயமான ட்ரைபியூனலுக்குப் போகிற பி1 என்ற பெயில் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் வெல்ஃபேர் அறையிலேயே அது கிடைக்கும், அனுப்பியும் விடுவார்கள். சில நாளில் கேஸைக் கூப்பிடுவார்கள். உள்ளே ஒருவனுக்கு ஒரு இரவு எவ்வளவு நீளம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பக்கத்து அறைக்காரனை விடியப்புறம் விமானத்துக்குக் கொண்டுபோகும்போது கதவு திறக்கிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கச்சேரியடி எழுதியது:
பழைய_காம்ப் தம்பி சொல்லும் வேதனை உண்மைதான். ஆனால் நாளைக்கே என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயில் வழக்குகளில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒருமுறை ட்ரைபியூனல் மறுத்துவிட்டால், 28 நாளுக்குள் திரும்பப் போடும் மனுவுக்குப் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லையென்றால் நேர் விசாரணை கிடைக்காது, கடதாசியைப் பார்த்தே முடித்துவிடுவார்கள். அவசரப்பட்டு ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாதத்தைத் தொலைத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஒரு வழக்கு மறக்காது. பையன் தடுப்பிலிருந்து வீடியோத் திரையில் இருக்கிறான். பிணை நிற்க வந்தவர் ஒன்றுவிட்ட அண்ணன், கோட்டும் டையும் கட்டி வந்திருந்தார். 2,000 பவுண் பிணை என்றார். நீதிபதி பாங்க் ஸ்டேட்மென்டைத் திருப்பிப் பார்த்தார். மூன்று மாதமும் 200, 300 என்று இருந்த கணக்கில் விசாரணைக்கு முந்தைய வாரம் திடீரென 2,000. எங்கிருந்து வந்தது என்று கேட்டார். “சீட்டுக் காசு” என்றார் மனுசன். சீட்டு என்றால் என்ன என்று நான் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போனது. அதற்குள் நீதிபதியின் முகம் மாறிவிட்டது. அடுத்து, பையனின் பிறந்த திகதி என்ன, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். இரண்டுக்கும் பதில் இல்லை. மறுத்துவிட்டார். அந்த அண்ணன் பொய் சொல்லவில்லை. ஆயத்தமில்லாமல் வந்தார், அவ்வளவுதான்.

தங்கச்சி, உங்கள் கணவருக்கு இதைச் சொல்லுங்கள்: இங்கிலாந்தில் பிணை என்றால் பெரும்பாலும் வாக்குறுதிதான். முன்கூட்டிக் காசு கட்டுவதில்லை, வீட்டை எழுதிக் கொடுப்பதும் இல்லை. தம்பி நிபந்தனையை மீறினால்தான் காசு கேட்பார்கள்.

வடமராட்சி_வாடைக்காற்று எழுதியது:
“மீறினால்தான் கேட்பார்கள்” என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். நான் மச்சானுக்கு 1,000 பவுணுக்குப் பிணை நின்றேன். மூன்றாம் மாதம் ஆளைக் காணவில்லை. கடிதம் எனக்கு வந்தது, கட்டினேன். காசை விடுங்கள், மனைவியின் குடும்பத்தோடு இன்றுவரை கதை இல்லை. இந்தத் தம்பி ஏற்கெனவே இரண்டு வருடம் காணாமல் போனவர். அக்காவின் கணவர் டிவி பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. வழக்கும் தோற்றது, அப்பீலும் தோற்றது. எத்தனை முறை கேட்பது? ஊருக்குப் போய் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எனக்கும் மனம் இருக்கிறது, ஆனால் ஒரு பொடியனுக்காக இரண்டு குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது.

பழைய_காம்ப் எழுதியது:
ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது அண்ணை. அதையும் இதையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

கச்சேரியடி எழுதியது:
வாடைக்காற்று, இரண்டு கேள்வியைக் கலக்கிறீர்கள். தம்பி இந்த நாட்டில் இருக்கலாமா என்பது ஒன்று. அது தீரும்வரை அவனைப் பூட்டி வைக்க வேண்டுமா என்பது வேறொன்று. பெயில் நீதிபதி பார்ப்பது இரண்டாவதை மட்டும்தான். இதைத் தங்கச்சியும் மனதில் வைக்க வேண்டும். பெயில் கிடைத்தாலும் திருப்பி அனுப்பும் வேலை நிற்காது. 14 நாளுக்குள் அனுப்புவதற்குத் திகதி போட்டுவிட்டார்கள் என்றால், ஹோம் ஒஃபிஸ் சம்மதிக்காமல் ட்ரைபியூனல் பெயில் கொடுக்கவும் ஏலாது.

முதல் கேள்வியிலும் உங்களோடு பாதிதான் உடன்படுகிறேன். இலங்கைத் தமிழரின் அகதி வழக்குகளுக்கு இங்கே வழிகாட்டியாக இருக்கும் 2021 இன் கேகே–ஆர்எஸ் தீர்ப்பு, திரும்பும் எல்லாத் தமிழருக்கும் ஆபத்து என்று சொல்லவில்லை. பிரிவினைக்காக இங்கே குறிப்பிடத்தக்க அளவில் இயங்குகிறார் என்று இலங்கை அரசு கருதும் ஆளுக்கு ஆபத்து என்கிறது. தம்பி அந்த வகையா என்பது நமக்குத் தெரியாது.

மழைமேகம் எழுதியது:
அண்ணை, அந்த இரண்டு வருடத்தைப் படிவத்தில் எழுத வேண்டுமா? எழுதாவிட்டால் தெரியாது என்று ஒருவர் சொன்னார்.

பழைய_காம்ப் எழுதியது:
நாமாகவே போய்க் கழுத்தை நீட்ட வேண்டாம். கேட்டால் சொல்லலாம்.

கச்சேரியடி எழுதியது:
இதுதான் தவறு. விசாரணைக்கு முந்தைய வேலை நாள் பிற்பகல் 2 மணிக்குள் ஹோம் ஒஃபிஸ் தன் பக்க எதிர்ப்பை எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வருடம் அதில் முதல் பந்தியிலேயே இருக்கும், திகதியோடு. நீங்கள் மறைத்தால் நீதிபதி உங்கள் கணவரைப் பார்த்து, “இது உங்களுக்குத் தெரியுமா?” என்றுதான் கேட்பார். தெரியாது என்றால் ஆளை அறியாமல் பிணை நிற்கிறார். தெரியும் என்றால் ஏன் எழுதவில்லை? இரண்டும் சுருக்குத்தான். அதைவிட, நீங்களே எழுதுங்கள்: ஏன் போகவில்லை, எங்கே இருந்தான், பிறகு யாரும் பிடிக்காமல் தானாகவே போய் நின்றான், அதற்குப் பிறகு எத்தனை முறை தவறாமல் சைன் வைத்தான். அவனைப் பிடித்ததே சைன் வைக்கிற இடத்தில்தானே! ஓடுகிறவன் அங்கே போவானா? உங்கள் கையில் இருக்கும் துருப்புச் சீட்டே அதுதான், அதைப் போய் ஒளிக்கச் சொல்கிறார்கள்.

பழைய_காம்ப் எழுதியது:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். என் கேஸிலும் ஒரு பழைய விலாசத்தை மறைத்துத்தான் முதல் முறை தோற்றேன். ஆனால் பொறுக்கச் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த நாட்டில் குடிவரவுத் தடுப்புக்குப் பொதுவான காலக்கெடு கிடையாது. நாம் கேட்காவிட்டால், வழமையாக நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் ஹோம் ஒஃபிஸ் தானாகவே கேஸை ட்ரைபியூனலுக்கு அனுப்ப வேண்டும். நாலு மாதம்!

சிட்னி_வாசகன் எழுதியது:
இங்கே அவுஸ்திரேலியாவில் 2004 இல் அல்-கதேப் வழக்கில், அனுப்ப நாடு இல்லாதவரையும் முடிவில்லாமல் வைத்திருக்கலாம் என்றார்கள். அது தவறென்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் வரை, 19 வருடம் எடுத்தது. ஆனால் குயின்ஸ்லாந்தில் பிலோயீலா என்ற ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தைக் காப்பாற்றியது கோர்ட் மட்டுமல்ல, ஊர்ச் சனமும் ஊடகமும்தான். 2018 இல் விடியப்புறம் பிடித்தார்கள், கிறிஸ்மஸ் தீவில் வைத்தார்கள், 2022 இல் நிரந்தர விசா கொடுத்தார்கள். அக்கா, பத்திரிகைக்குப் போங்கள்.

கச்சேரியடி எழுதியது:
அந்தக் குடும்பத்துக்கு முழு ஊரே பின்னால் நின்றது, சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். தனி ஆளாக இருக்கும் பொடியனின் பேரும் படமும் இங்கே பேப்பரில் வந்தால் கொழும்பில் இருப்பவனும் வாசிப்பான். எம்பிக்குக் கடிதம் எழுதுங்கள், அதில் கெடுதல் இல்லை. மற்றதுக்கு அவசரம் வேண்டாம்.

தங்கச்சி, ஒன்று கேட்கிறேன், பதிலை இங்கே எழுத விருப்பமில்லை என்றால் விடுங்கள். ஊரில் அவனை ஆர்மியோ பொலிஸோ பிடித்தார்களா? அடி, சூடு ஏதாவது?

மழைமேகம் எழுதியது:
2010 இல் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். முதுகில் தழும்பு இருக்கிறது. அம்மாவுக்கே காட்டமாட்டான், வீட்டில் பெனியனைக் கழற்றாமல்தான் குளிக்கப் போவான். உள்ளே டொக்டரிடம் சொன்னாயா என்று இன்று கேட்டேன். நர்ஸ் “ஏதாவது வருத்தம் இருக்கா” என்று கேட்டாராம். தடிமன் என்று சொன்னானாம்.

கச்சேரியடி எழுதியது:
தடிமன்! இதை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்.

இன்றைக்கே போன் எடுத்து, சித்திரவதை பற்றிச் சொல்ல வேண்டும், ரூல் 35 க்கு டொக்டரைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். 2001 ஆம் ஆண்டின் தடுப்பு நிலைய விதி அது. இவர் சித்திரவதைக்கு உள்ளானவராக இருக்கலாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தால், இவரைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா என்று ஹோம் ஒஃபிஸ் இரண்டு வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். எழுதியவுடன் விட்டுவிடுவார்கள் என்று இல்லை. ஆனால் பெயில் மனுவில் அந்தக் கடதாசி இருப்பதும் இல்லாததும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

உள்ளேயே லீகல் எய்ட் லோயர் அரை மணி நேரம் இலவசமாகப் பார்ப்பார், அதற்குப் பேரைப் பதியச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு 3,500 பற்றி யோசிக்கலாம். புதிய வழக்குக்குத் தழும்பு பற்றிய நிபுணர் அறிக்கை வேறு வேண்டும். 2019 இல் கேவி வழக்கில், முதுகில் சூட்டுத் தழும்போடு வந்த தமிழர் தானே கேட்டுச் சுடுவித்துக்கொண்டிருக்கலாம் என்று கீழ் நீதிமன்றங்கள் சொன்னதை சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. ஆனால் முந்தைய நீதிபதி தம்பியின் தழும்பைப் பற்றி என்ன எழுதினார் என்பதைப் பார்க்க வேண்டும்.

வடமராட்சி_வாடைக்காற்று எழுதியது:
தழும்பு விஷயம் எனக்குத் தெரியாது. அதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன். ஆனாலும் பிணை நிற்பவரை வற்புறுத்தக்கூடாது என்பதில் மாறவில்லை.

பழைய_காம்ப் எழுதியது:
டொக்டருக்குக் காத்திருக்கும்போதே விலாசம், பிணைக் கடதாசி எல்லாம் சேர்க்கலாம்தானே? திங்களுக்கு மேலே விடாதீர்கள். அந்த அரை மணி நேர லோயருக்கும் நான் போனபோது ஒரு கிழமை வரிசை இருந்தது.

மழைமேகம் எழுதியது:
வெள்ளிக்கிழமை டொக்டரைப் பார்க்கிறான். “முதுகைக் காட்டு” என்று சொன்னபோது கன நேரம் பேசவில்லை, பிறகு ஓம் என்றான். திங்கள் படிவம் போகிறது. இவருக்கு இந்தப் பதிவுகளை எல்லாம் வாசித்துக் காட்டினேன். 1,000 பவுண் கட்டிய கதையில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். இரவு சாப்பிட்டு முடிய, “அவனுடைய பிறந்த திகதி மார்ச்சா மேயா?” என்று கேட்டார். மூன்று மாத ஸ்டேட்மென்ட் எடுத்து வைத்திருக்கிறார். அதிலும் போன மாதம் ஒரு 1,500 சீட்டுக் காசு இருக்கிறது. எனக்கு நெஞ்சு பகீர் என்றது.

வடமராட்சி_வாடைக்காற்று எழுதியது:
சீட்டுக் கொப்பியையும் கொண்டுபோகச் சொல்லுங்கள் அக்கா. சீட்டுப் பிடிக்கிறவரிடம் இன்னார் இத்தனையாம் மாதம் எடுத்தார் என்று ஒரு கடிதம், அதுவும் ஆங்கிலத்தில். ஆள் எழுத மாட்டேன் என்றால் எனக்குச் சொல்லுங்கள், மாதிரி ஒன்று எழுதித் தருகிறேன்.